முப்பது பனிக்காலத்துச் சாம்பல்

சங்பே வீட்டு ஏற்றப் பாதை என்றால் எங்கள் மலையூர் தாரேகோலில் எந்த வண்டிக்காரனும் தலையைச் சொறிவான். தார்ச்சாலையிலிருந்து அந்த வீட்டு வாசலுக்கு நாற்பத்திரண்டு மீட்டர். அளந்துதான் சொல்கிறேன். முப்பத்தோரு வருஷம் தபால் பையோடு அதில் ஏறி இறங்கியவன் நான். மழைக்காலத்தில் கணுக்கால் வரை சேறு. பனிக்காலத்தில் வழுக்குப் பாறை. மார்ச் மாதம் உறைபனி இளகும்போது மேலே சேறு, அடியில் பாறை என்று இரண்டும் சேர்ந்து வரும். அந்த மாதத்தில் கோபக்கார மாமியார்கூட அந்த வீட்டுக்கு விருந்துக்குப் போகமாட்டாள்.

போன வருஷம் செப்டம்பரில் சங்பே, வீட்டுக்குப் பின்னாலிருந்த பைன் மரத்திலிருந்து விழுந்தான். கொட்டைக்காக மரம் ஏறுவது எங்கள் பக்கத்தில் ஆண்களின் வேலை. காலில் இரும்பு முள் கட்டிக்கொண்டு, கையில் நீளத் தொரட்டியோடு ஏறுவார்கள். நாற்பது வருஷம் ஏறியவன் சங்பே. அன்றைக்குப் பிடித்த கிளை உளுத்திருந்தது. உயிர் பிழைத்தது, இடுப்புக்குக் கீழே உணர்வு பிழைக்கவில்லை. ஆம்புலன்ஸ் தார்ச்சாலையிலேயே நின்றுவிட்டது. நாங்கள் நாலு பேர் கதவுப் பலகையில் அவனைப் படுக்க வைத்து அந்த நாற்பத்திரண்டு மீட்டரையும் இறக்கினோம். வலது கால் பக்கம் பிடித்தவன் நான். ஒவ்வொரு வழுக்கலுக்கும் அவன் பல்லைக் கடித்த சத்தம் இன்றும் காதில் இருக்கிறது.

அதற்குப் பிறகு பதின்மூன்று மாதம் மாவட்டத் தலைநகரில் ஒரு பராமரிப்பு ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவன் மனைவி தொக்சுன் ஒன்றுவிட்டொரு சனிக்கிழமை பஸ் ஏறிப் போவாள். எனக்கும் வேலை ஒன்றும் இல்லாததால் கூடப் போவேன். அக்டோபர் கடைசியில் போனபோது மகன் உன்சிக்கும் வந்திருந்தான். நகரத்தில் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கிறவன். நல்ல பையன்தான், ஆனால் எதைப் பார்த்தாலும் பழுதா, மாற்றவேண்டியதா என்றுதான் பார்ப்பான்.

ஆஸ்பத்திரிப் பெண் சுற்றி வளைக்காமல் சொன்னாள். "வீட்டுக்கு அனுப்பலாம்மா. ஆனா சக்கர நாற்காலி ஏத்துற வண்டி வாசல் வரைக்கும் போகணும். நர்ஸும் வாரத்துக்கு ரெண்டு தடவை வரணும். அந்தப் பாதையில எங்க வண்டி ஏறாதுன்னு டிரைவர் எழுதிக் குடுத்திருக்கார்."

சங்பே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். திரும்பாமலே சொன்னான். "பாதை சரியில்ல. விட்டுடு, உன்சிக் அம்மா."

அவன் பாதையைப் பற்றிப் பேசவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. இடுப்புக்குக் கீழே மனைவி துடைத்துவிட வேண்டிய உடம்போடு ஊருக்குள் வர அவனுக்கு மனசில்லை. மகனுக்கும் அது தெரிந்து, தலையைக் குனிந்துகொண்டான். தொக்சுனுக்கு மட்டும் தெரியவில்லை. அல்லது தெரிந்துகொள்ள மாட்டேன் என்று அந்த நிமிஷமே முடிவெடுத்துவிட்டாள்.

"பாதைதானே?" என்றாள். "வேற ஒண்ணுமில்லையே? பாதைதானே சரியில்ல?"

அவன் போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டான்.

"சரி. பாதையைப் போட்டுட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்."

 மறுவாரமே தொக்சுனின் இரண்டு மாடும் சந்தைக்குப் போயின. ஊர்த் தலைவரிடம் போனாள். ஒற்றை வீட்டுப் பாதைக்கு அரசாங்கம் கான்கிரீட் போடாது, இரண்டு வீடாவது இருக்கவேண்டும் என்றார் அவர். "இன்னொரு வீடு கட்டச் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள். ரெடிமிக்ஸ் கம்பெனிக்குத் தானே போன் செய்து வியாழக்கிழமைக்குக் கான்கிரீட் லாரி சொன்னாள். எங்கள் மலையில் நவம்பர் பாதிக்கு மேல் யாரும் கான்கிரீட் போடுவதில்லை, உறைந்துவிடும். கையில் இருந்தது ஒரே வாரம்.

என் மனைவி சும்மா இருந்திருக்கலாம். கிம்ச்சி ஊறுகாய்க்கு மிளகாய்ப் பொடி வாங்கப் போகிற சாக்கில் போய், "நாள் பாத்தியா? கெட்ட நாள்ல மண்ணைத் தொட்டா வீட்டு ஆம்பளைக்கு ஆகாதும்பாங்க," என்று சொல்லிவிட்டு வந்தாள்.

"எங்க வீட்டு ஆம்பளைக்கு ஆகவேண்டியது எல்லாம் ஆயிடுச்சு அக்கா," என்றாளாம் தொக்சுன். "இனி மண்ணுதான் என்னைப் பாத்துப் பயப்படணும்."

திங்கட்கிழமை காலை கில்சூ பொக்லைனோடு வந்தான். சங்பேவுக்குத் தம்பி முறை. நாற்பது வயதிலேயே தொப்பை, ஆனால் இயந்திரத்தில் உட்கார்ந்தால் முட்டையை உடைக்காமல் எடுத்து வைப்பான். பொக்லைன் வாளியின் பல்லில் ஒரு கிண்ணம் மக்கோலி அரிசிக்கள்ளை ஊற்றினான், மண்ணில் ஒரு கிண்ணம், தன் வாயில் இரண்டு கிண்ணம். பிறகு மேல்மண்ணை ஒரு ஜாண் வழித்துவிட்டு இறங்கினான்.

"போதும் அண்ணி. இதுமேல ஜல்லி, அதுமேல கம்பி வலை, அதுமேல கான்கிரீட். மத்தியானம் சோத்துக்கு என் வேலை முடிஞ்சிடும்."

"இவ்வளவுதானா?"

"ஊர்ல எல்லாரும் இப்படித்தான் போட்டிருக்காங்க."

"ஊர்ல எல்லாரு வீட்டுக் கான்கிரீட்டும் மூணாவது வருஷமே வாயைப் பொளந்துக்கிட்டு கிடக்கு. உன் வீட்டுது உள்பட."

கில்சூ சிரித்துக்கொண்டு தொப்பையைத் தடவினான். தொக்சுன் வீட்டுக்குள் போய்க் கடப்பாரையைக் கொண்டுவந்தாள். ஓங்கிக் குத்தவில்லை, இடுப்பு உயரத்துக்குத் தூக்கி நேராக விட்டாள். கடப்பாரை தன் கனத்திலேயே பாதி இறங்கி நின்றது.

"இது பாதையா, முள்ளங்கிப் பாத்தியா?" என்றாள். "தோண்டு."

கில்சூ முனகிக்கொண்டே ஏறினான். வாளி இரண்டாம் முறை இறங்கி மேலே வந்தபோதுதான் எல்லோரும் அதைப் பார்த்தோம். வெட்டிய பக்கத்தில் மண் கோடு கோடாக இருந்தது. வெளிறிய ரோஜா நிறத்தில் ஒரு விரற்கடை, அதன்மேல் கறுப்பாக ஒரு கோடு, மறுபடி வெளிறிய நிறம், மறுபடி கறுப்பு. அறுத்த மரத்தின் வளையங்கள் போல அடுக்கடுக்காக முழங்காலுக்கு மேல் வரை போயிற்று.

கில்சூ இறங்கி ஒரு பிடி அள்ளிப் பிழிந்தான். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டியது. "துளைக்கரிச் சாம்பல்," என்றான். "அடப்பாவி அண்ணா."

எங்கள் மலையில் எல்லா வீட்டு அடுப்பிலும் துளைக்கரிதான், துளை போட்ட உருளை நிலக்கரிக் கட்டிதான், எரியும். எரிந்து முடிந்த கட்டியைப் பனிக்காலக் காலையில் பாதையில் போட்டுக் காலால் மிதித்து உடைப்போம், வழுக்காது. எல்லோரும் செய்வதுதான். ஆனால் சங்பே மாதிரி யாரும் செய்ததில்லை. அதற்குக் காரணம் யார் என்று அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் நின்றவர்களில் எனக்கு மட்டும்தான் நன்றாகத் தெரியும்.

நான் இந்த ஊருக்குத் தபால்காரனாக வந்த முதல் பனிக்காலம். அந்த ஏற்றத்தில் மோட்டார் சைக்கிளோடு விழுந்தேன். கடிதமெல்லாம் பனியில் சிதறிவிட்டது. சங்பே வெளியே வந்து, முதலில் வயிறு வலிக்கச் சிரித்தான். பிறகு என்னோடு மண்டிபோட்டு ஒவ்வொரு கடிதமாகப் பொறுக்கிச் சட்டைக்குள் வைத்துக் காயவைத்துக் கொடுத்தான். "அரசாங்கத்து ஆள் என் வாசல்ல செத்தா, மனு எழுதியே நான் செத்துருவேன்," என்றான். மறுநாளிலிருந்து, நான் வருவதற்கு முன், மேலிருந்து கீழ்வரை சாம்பல் போட்டிருக்கும். மகன் பள்ளிக்கூடம் போனபோது அவனுக்கும் சேர்த்து. நான் ரிட்டயர் ஆகும் வரை முப்பது பனிக்காலம், ஒருநாள் தவறாமல். ஒவ்வொரு கோடையிலும் மழை சேற்றைக் கொண்டுவந்து அதை மூடியிருக்கிறது.

கில்சூ பிழிந்த சாம்பலைக் கீழே போட்டான். "இது தண்ணியக் குடிச்சு வெச்சுக்கும் அண்ணி. குளிர் வந்தா உப்பும். உப்பினா மேல இருக்கிற கான்கிரீட்டத் தூக்கி உடைச்சுடும். அண்ணன் நல்லது செய்யறேன்னு முப்பது வருஷமா பாதைக்கு அடியில பஞ்சு மெத்தை விரிச்சிருக்கார்."

தொக்சுன் பள்ளத்துக்குள் இறங்கினாள். அந்தக் கோடுகளைக் கட்டைவிரலால் கீழிருந்து மேலே தடவிக்கொண்டே வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். 

"எடு," என்றாள்.

"எல்லாத்தையுமா?"

"கெட்டி மண் வர்ற வரைக்கும்."

"தொடை ஆழம் போகும் அண்ணி. நாற்பது மீட்டர் பாதை!"

"நாற்பத்திரண்டு," என்றேன் நான்.

கில்சூ என்னை முறைத்தான். "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் இயந்திரம் இங்க. புதன்கிழமை வேற இடத்துக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"அப்ப வாயால பேசாம வாளியால பேசு," என்றாள்.

அன்று முழுவதும் தோண்டினோம். சாம்பலை மாடில்லாத தொழுவத்தின் பக்கம் குவித்தான் கில்சூ. வெயில் இருந்தது, ஆனால் நிழலுக்குப் போனால் பல் கிட்டியது. மத்தியானம் உருளைக்கிழங்கு மாவுக் கொழுக்கட்டையும் தோயன்ஜாங் என்கிற சோயா விழுதுக் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். அவள் கைக் கொழுக்கட்டை ஊரில் பேர் பெற்றது; அன்றைக்கு உப்பில்லை. யாரும் சொல்லத் துணியவில்லை. நான் ஐந்து தின்றேன்.

செவ்வாய்க்கிழமை உன்சிக் வந்தான். காரைத் தார்ச்சாலையில் விட்டுவிட்டு, பளபளக்கும் ஷூவோடு பள்ளத்தின் ஓரமாக நடந்து மேலே வந்தான். ஏற்றத்தின் வளைவில் கல்சுவரை ஒட்டி ஒன்பது மீட்டர் நீளத்துக்குப் பொக்லைன் வாளி போகாது. போனால் சுவர் விழும். அங்கே தொக்சுனும் நானும் மண்வெட்டியால் வெட்டிக்கொண்டிருந்தோம். உன்சிக் பையிலிருந்து ஒரு உறையை எடுத்தான்.

"அம்மா, இதுல ஒரு கையெழுத்துப் போடு. அப்பாவை அங்கேயே நிரந்தரமா வெச்சுக்கிற பாரம். இந்த மாசம் குடுக்கலைன்னா அந்தக் கட்டிலை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க."

"குடுக்கட்டும். பாவம், யாரோ காத்துக்கிட்டு இருப்பாங்க."

"அம்மா!"

"கத்தாதே. சுவர் விழுந்துடும்."

"அப்பாவே வரமாட்டேங்கறார். உனக்குப் புரியலையா?"

"உங்கப்பா பாதை சரியில்லைன்னார். என் காதுல விழுந்தது அவ்வளவுதான். தபாலண்ணே, உங்க காதுல?"

"எனக்கும் அவ்வளவுதான்," என்றேன். பொய்யில் இது ஒரு நல்ல பொய்.

உன்சிக்குக்கு முகம் சிவந்தது. "சரி, கூட்டிட்டு வர்றே. புரட்டிப் போடறது யாரு? தூக்கறது யாரு? உன் முட்டி ரெண்டும் ஏற்கெனவே போச்சு. உனக்கு வயசு அறுபத்து மூணு. ஒரு வருஷத்துல உனக்கும் அங்க ஒரு கட்டில் போடணும். நான் எத்தனை கட்டிலைச் சுத்தி வர்றது? அதை யோசிச்சியா?"

அப்போதுதான் அவன் பயம் எங்கே இருக்கிறது என்று எனக்கு விளங்கியது. அப்பா போனது போகட்டும், அம்மாவாவது மிஞ்சட்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறான் பையன். கோபப்பட முடியவில்லை.

தொக்சுன் மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு அவனைப் பார்த்தாள். "யோசிச்சேன். படுத்துக்கிட்டு யோசிக்க மாட்டேன், அதான் வெட்டிக்கிட்டே யோசிக்கிறேன். உங்கப்பா அந்தச் சுவரைப் பாத்துக்கிட்டே சாகணும்னு விதி இருந்தா, அது என் வீட்டுச் சுவரா இருக்கட்டும். அதுக்கு நான் வெள்ளையடிச்சு வெப்பேன். ஆஸ்பத்திரிச் சுவருக்கு நான் வெள்ளையடிக்க முடியுமா?"

"பிடிவாதம். வெறும் பிடிவாதம்."

"ஆமா. வேற என்ன இருக்கு என்கிட்ட? மாட்டையும் வித்தாச்சு."

மேலே இயந்திரத்திலிருந்து கில்சூ ஒரு மண்வெட்டியை எறிந்தான். அது உன்சிக்கின் காலடியில் விழுந்தது. "டேய், சண்டை போடறவன் சும்மா நின்னு போடக்கூடாது. அம்மா வெட்டறா, தபால்கார அண்ணன் வெட்டறார், அவருக்கு எழுபது. நீ ஷூவைக் காட்டிக்கிட்டு நிக்கிறே."

உன்சிக் ஷூவைக் கழற்றிச் சுவர்மேல் வைத்தான். காலுறையோடு இறங்கி வெட்டினான். கோபத்தில் வெட்டினான், ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு வாக்கியம். "நாளைக்கு முட்டி வலின்னு போன் பண்ணாதே." வெட்டு. "வைத்தியம் பாக்கமாட்டேன்." வெட்டு. "இந்தச் சாம்பலை அள்ளுறதுக்கா நான் லீவு போட்டேன்?" வெட்டு. அம்மா ஒவ்வொன்றுக்கும் "ம்" கொட்டிக்கொண்டு கூடையை நிரப்பினாள். கோபக்காரனைப் போல நல்ல கூலியாள் கிடையாது. இருட்டுவதற்குள் ஒன்பது மீட்டரும் முடிந்தது. அடியில் மஞ்சள் நிறத்தில் மலைச்சரளை மின்னியது. தொக்சுன் கடப்பாரையைத் தூக்கி விட்டாள். டங்கென்று எகிறியது. அந்தச் சத்தத்துக்கு அவள் சிரித்தாள்; பதின்மூன்று மாதத்தில் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

சாப்பிட உட்கார்ந்தபோது மேசை ஆடியது. அந்த உறையை நான்காக மடித்து ஆடிய காலுக்கு அடியில் வைத்தாள். உன்சிக் பார்த்தான், சோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டான்.

புதன்கிழமை காலை கில்சூ மறுபடி வந்துவிட்டான். வாக்குக் கொடுத்த இடத்தில் பாட்டி செத்துவிட்டதாகச் சொன்னேன் என்றான். "யார் பாட்டி?" என்று கேட்டால், "யாரோ ஒரு பாட்டி தினமும் சாகறா, பொய் இல்லையே?" என்றான். ஜல்லியும் கல்தூளும் கலந்து லாரி லாரியாக இறக்கினான். ஒரு ஜாண் போட்டுத் தண்ணீர் தெளித்துத் திமிசு இயந்திரத்தை ஓட்டுவது, மறுபடி ஒரு ஜாண், மறுபடி திமிசு. ஒரேயடியாகக் கொட்டி மேலே மட்டும் திமிசு ஓட்டினால் தோல் இறுகும், வயிறு இறுகாது என்று கில்சூவே இப்போது பாடம் சொன்னான். முந்தாநாள் ஒரு ஜாண் போதும் என்றவன். திமிசு பிடித்தவன் உன்சிக். அது அதிரும் அதிர்ச்சியில் அவன் கன்னமெல்லாம் ஆடியது. நானும் தொக்சுனும் நூல் கட்டி, ஓரப் பலகைகளை முளை அடித்து நிறுத்தினோம். வாசல் பக்கம் தண்ணீர் நிற்காமல் ஓரக் கால்வாய்க்கு ஓடும்படி வாட்டம் வைத்தோம். டியூப் லெவலில் தண்ணீர் மட்டத்தை அவள் கண்ணை இடுக்கிப் பார்த்த விதத்தைப் பார்த்தால், அரசாங்க இன்ஜினியர் எழுந்து நின்றிருப்பார்.

சாயங்காலம் கில்சூ, "முடிஞ்சது," என்றான்.

"இன்னும் இல்ல," என்றாள் தொக்சுன். "உன் லாரி நிறைய ஜல்லியை ஏத்து. மேல வரைக்கும் ஓட்டு. மெதுவா."

"எதுக்கு?"

"ஓட்டுடான்னா."

லாரி முக்கி முனகி ஏறியது. தொக்சுன் பின்னாலேயே, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, குனிந்து டயர் தடத்தைப் பார்த்துக்கொண்டே ஏறினாள். கோழிமுட்டை தேடுகிறவளைப் போல இருந்தது. முப்பது மீட்டர் வரை ஒரு பள்ளம் இல்லை. வளைவு முடியும் இடத்தில் நின்றாள். டயர் தடத்தில் ஒரு விரல் ஆழம் பதிந்திருந்தது.

"இங்க."

"ஒரு விரல்தானே அண்ணி!"

"அவர் விழுந்த கிளையும் ஒரு விரல்தான் உளுத்திருந்தது."

 கில்சூ இறங்கிப் போட்ட ஜல்லியை அள்ளினான். அடியில் மூலையில் ஒதுங்கிக் கிடந்த கூடையளவு சாம்பல். உன்சிக் வெட்டிய இடம்தான். அவனே யார் முகத்தையும் பார்க்காமல் வெட்டி எடுத்து, மறுபடி ஜல்லி போட்டு, மறுபடி திமிசு ஓட்டினான். லாரி மறுபடி ஏறியது. தடம் பதியவில்லை.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு எல்லோரும் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு கான்கிரீட் லாரிக்காகக் காத்திருந்தோம். என் மனைவிகூட மேமில் தானிய மாவில் அடை சுட்டுக்கொண்டு வந்திருந்தாள். ஏழே காலுக்குப் போன் வந்தது. கம்பெனிக்காரன். ராத்திரி ஆறு டிகிரி உறைநிலைக்குக் கீழே இறங்கப் போகிறது, இரண்டு வாரம் முன்னதாகவே குளிர் வந்துவிட்டது, லாரி அனுப்பமாட்டோம், வசந்தத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றான். தொக்சுன் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அவன் வைத்த பிறகும் வைத்துக்கொண்டிருந்தாள்.

பட்ட காலிலே படும் என்பது அவளுக்காகவே எழுதி வைத்த மாதிரி இருந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. வானத்தைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொன்னேன். என் மனைவி அடைத் தட்டை மூடினாள்.

உன்சிக் மெதுவாக அம்மாவின் தோளில் கை வைத்தான். "நீ செய்ய முடிஞ்சதைச் செஞ்சுட்டே அம்மா. யாரும் உன்னைக் குறை சொல்ல மாட்டாங்க. வசந்தம் வரைக்கும்…"

"கில்சூ," என்றாள் அவள். "இந்த ஜல்லி இப்படியே கிடந்தா கெட்டுப்போகுமா?"

"கெடாது அண்ணி. சொல்லப்போனா ஒரு பனிக்காலம் கிடந்து அமரட்டும்னு விடறவங்களும் உண்டு. அடியில சாம்பல் இல்ல, தண்ணி நிக்காது, உப்பாது. கான்கிரீட் போர்த்திக்கிற போர்வைதான். உடம்பு இதுதானே."

"நேத்து உன் லாரி எவ்வளவு கனம்?"

"ஆம்புலன்ஸ் மாதிரி நாலு மடங்கு இருக்கும்."

தொக்சுன் அந்தப் போனிலேயே ஆஸ்பத்திரிக்கு எண் அழுத்தினாள். ஆஸ்பத்திரிப் பெண்ணின் குரல் எங்களுக்கும் கேட்டது. கான்கிரீட் போட்டாச்சா என்று கேட்டாள்.

"ஏம்மா, உங்க தாள்ல கான்கிரீட்டுன்னு எழுதியிருக்கா? வண்டி வாசல் வரைக்கும் ஏறணும்னுதானே எழுதியிருக்கு? ஏறும். ஏறலைன்னா நானே பின்னாடி நின்னு தள்ளுறேன். நாளைக்கு அனுப்புங்க. அவர்கிட்டச் சொல்லுங்க, பாதை ஆயிடுச்சுன்னு. வேற எதையும் சொல்லாதீங்க."

வெள்ளிக்கிழமை மத்தியானம் வண்டி வந்தது. தார்ச்சாலையில் நின்று டிரைவர் தலையை வெளியே நீட்டிச் சந்தேகத்தோடு பார்த்தான். தொக்சுன் வண்டிக்கு முன்னால் போய் நின்றாள். அவனைப் பார்த்தபடி, பின்பக்கமாக, ஒவ்வொரு அடியாக ஏற்றத்தில் நடந்தாள். இரண்டு கையாலும் வா வா என்று அழைத்துக்கொண்டே. வண்டி அவளைத் தொடர்ந்தது. வளைவில் நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். ஜல்லி நறநறவென்றது, அவ்வளவுதான். வாசலில், கான்கிரீட்டுக்கு நிறுத்தியிருந்த ஓரப் பலகைகளைப் பிடுங்கி உன்சிக் சாய்வாகப் போட்டிருந்தான். நாற்காலியோடு சங்பேயை இறக்கினார்கள்.

முகத்தில் எலும்புதான் மிஞ்சியிருந்தது. யாரையும் பார்க்கக்கூடாது என்று தரையைப் பார்த்தான். பிறகு தொழுவத்தின் பக்கம் கூரை உயரத்துக்குக் குவிந்து கிடந்ததைப் பார்த்தான்.

"அது என்ன?"

"நீங்க போட்டது," என்றாள் தொக்சுன். "முப்பது வருஷம் போட்டீங்க. மூணு நாள்ல எடுத்துட்டேன். இப்பச் சொல்லுங்க, வேற என்ன சரியில்ல? ஒண்ணொண்ணா சொல்லுங்க. எல்லாத்தையும் தோண்டிடறேன்."

 உன்சிக் நாற்காலியைத் திருப்பி உள்ளே தள்ளிக்கொண்டு போனான். சாப்பிடும்போது யாரோ இடித்து மேசைக்காலிலிருந்து அந்த உறை நழுவி வெளியே வந்தது. உன்சிக் அதை எடுத்தான். ஒரு நிமிஷம் கையில் வைத்துப் பார்த்தான். இன்னொரு மடிப்பு மடித்து மறுபடி காலடியில் சொருகினான். மேசை ஆடவில்லை.

மறுநாள் காலை ஊரே வெள்ளையாக உறைந்திருந்தது. எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் காலைக் கஞ்சியைக் குடித்துவிட்டு அந்த ஏற்றத்தடிக்குப் போனேன். ஜல்லியின்மேல் உறைபனி பளபளத்தது. மேலே வாசலில் போர்வைக்குள் சுருண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான் சங்பே. உள்ளேயும் வெளியேயுமாகச் சண்டை நடந்துகொண்டிருந்தது.

"சாம்பல் வாளியைக் குடுடி. பாதை வழுக்கும்."

"ஒரு பிடி சாம்பல் அந்த ஜல்லியில விழட்டும், வந்த வண்டியிலேயே திருப்பி ஏத்திடுவேன்."

"அப்ப தபால்காரன் விழுந்தா?"

"அவர் ரிட்டயர் ஆகி ஏழு வருஷம் ஆச்சு. விழுந்தா விழட்டும்."

"கீழ நிக்கிறான் பாரு."

அவள் எட்டிப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு வாளியைத் தூக்கிவந்து அவன் மடியில் இறக்கினாள். மணல். ஆற்று மணலைச் சலித்து அவள் எப்போது சேர்த்து வைத்தாள் என்று யாருக்கும் தெரியாது. "கை ரெண்டும் நல்லாத்தானே இருக்கு? இதைப் போடுங்க," என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

முதல் பிடி அவன் சக்கரத்தடியிலேயே விழுந்தது. திட்டினான். இரண்டாவது பிடி ஒரு மீட்டர் போயிற்று. மூன்றாவதுக்குப் போர்வையை உதறிவிட்டுத் தோளைப் பின்னால் இழுத்து வீசினான். வளைவு வரை சிதறியது. நாலாவது, ஐந்தாவது. மூச்சு மூக்கில் புகையாக வர வாரி இரைத்தான்.

"எதுக்குடா கீழயே நிக்கிறே?" என்று என்னைப் பார்த்துக் கத்தினான். "ஏறி வா. பாதை சரியாத்தான் இருக்கு."